பட்டம் வாங்குறவங்களுக்கு மைக் இல்லாத பட்டமளிப்பு விழா

2022 மே மாசம் கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்துல நடந்த பட்டமளிப்பு விழா ஞாபகம் இருக்கான்னு யார்கிட்ட கேட்டாலும் உடனே பானிபூரின்னுதான் சொல்லுவாங்க. அப்போ உயர்கல்வித்துறை அமைச்சரா இருந்த பொன்முடி, ஆளுநர் ஆர்.என்.ரவி அதே மேடையில உக்காந்திருக்கும்போதே, இந்தி படிச்சா வேலை கிடைக்கும்னு சொல்றாங்களே, இங்க கோயம்புத்தூர்ல பானிபூரி விக்கறது யாருன்னு ஒரு கேள்வி போட்டாரு, ஆளுநர் தன் முறை வந்தப்போ யாரு மேலயும் எந்த மொழியையும் திணிக்கலைன்னு பதில் சொன்னாரு, அப்புறம் பல நாளைக்கு டிவி டிபேட்ல அதுதான் ஓடுச்சு. அன்னிக்கு பட்டமளிப்பு உரைன்னு தனியா ஒண்ணு இருந்துச்சே, அதுல என்ன சொன்னாங்க? ஒருத்தர் வாயிலயும் வராது. பட்டம் வாங்குன பசங்க? அவங்க போட்டோவோட பின்னணியிலதான் இருப்பாங்க.

நம்ம ஊர் பட்டமளிப்பு விழாவுல சண்டை வர்ற போதெல்லாம் அது யாரு எந்த நாற்காலியில உக்கார்றாங்க, யார் கையால பட்டம், யாருக்குப் பக்கத்துல யாருங்கறதுலதான் வருது. பேச்சால சண்டை வர்றது அபூர்வம், அப்படியே வந்தாலும் அது அரசியல் பேச்சா இருக்கும். இது ஏன் இப்படின்னு பாக்கணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

1854-ல இந்தியக் கல்வி எப்படி இருக்கணும்னு லண்டன்ல இருந்து வந்த உட் டெஸ்பாட்ச்ங்கற அறிக்கையை வச்சு, 1857-ல கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ்னு மூணு பல்கலைக்கழகம் ஆரம்பிச்சாங்க. மாடல் லண்டன் யுனிவர்சிட்டி. அந்தக் காலத்து லண்டன் யுனிவர்சிட்டி பாடமே நடத்தாது, பரீட்சை வைக்கும், பாஸ் பண்ணா பட்டம் குடுக்கும், அவ்வளவுதான் அதோட வேலை. பாடம் நடத்தறதெல்லாம் காலேஜுங்க. மெட்ராஸும் அப்படியே. பிரசிடென்சி காலேஜ்லயோ மிஷனரி காலேஜ்லயோ உக்காந்து படிப்பாங்க, பரீட்சையும் பட்டமும் மட்டும் யுனிவர்சிட்டி. அதனால யுனிவர்சிட்டின்னு ஒண்ணு கண்ணுல தட்டுப்படற நாளே வருஷத்துல பட்டமளிப்பு நாள் ஒண்ணுதான்னு சொல்லலாம், அன்னிக்குத்தான் அது அங்கி போட்டுக்கிட்டு ஊர்வலமா வரும். வேந்தர் யாருன்னா கவர்னர், மெட்ராஸ்ல முதல் வேந்தர் லார்ட் ஹாரிஸ். பட்டம்ங்கறது அரசாங்கமே குடுக்கற ஒரு அங்கீகாரம், அதை அரசாங்கத்தோட தலையே வந்து குடுக்கணும், வாங்குறவன் தலை குனிஞ்சு வாங்கணும்ங்கறதுதான் அதுக்குப் பின்னாடி இருந்த எண்ணம். மெட்ராஸோட முதல் பி.ஏ. பட்டதாரிங்க ரெண்டு பேருமே யாழ்ப்பாணத்துக்காரங்க, சி.வை.தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும். தாமோதரம்பிள்ளை பின்னாடி தொல்காப்பியம், கலித்தொகைன்னு பதிப்பிச்சதை வச்சுத்தான் நமக்கு அவரைத் தெரியும், இங்கிலீஷ் பட்டம் வாங்கி அவர் அதிகமா உழைச்சது தமிழ் ஏட்டுச்சுவடியிலங்கறது எனக்கு எப்பவும் பிடிச்ச விஷயம்.

அந்த விழாவுல பேச்சுன்னு ஒண்ணு இருந்துச்சு, பெரிய மனுஷங்க யாராவது புதுப் பட்டதாரிகளுக்கு அறிவுரை சொல்லுவாங்க, நீங்க வாங்குன பட்டத்துக்குத் தகுதியா நடக்கணும், வாழ்க்கையிலயும் பேச்சுலயும் அது தெரியணும், இந்த மாதிரி. சில சமயம் அந்த அறிவுரையே திருப்பி அடிச்சிருக்கு. 1905 பிப்ரவரியில கல்கத்தா பல்கலைக்கழகத்துல வைஸ்ராய் கர்சன், அவர்தான் அங்க வேந்தரும், உண்மைங்கற உயர்ந்த லட்சியம் பெரும்பாலும் மேற்கத்திய விஷயம், கிழக்குல தந்திரத்துக்குத்தான் மரியாதைங்கற தோரணையில பேசுனாரு. முன்னாடி உக்காந்திருந்தவங்க அத்தனை பேரும் வங்காளத்துப் படிச்சவங்க. அப்புறம் நடந்ததுதான் சுவாரஸ்யம். கர்சனே முன்னாடி எழுதுன பயணப் புத்தகத்துல, கொரியாவுல ஒரு அதிகாரிகிட்ட தன் வயசைக் கூட்டிப் பொய் சொன்னேன்னு பெருமையா எழுதியிருந்தாரு, விவேகானந்தரோட சிஷ்யை சகோதரி நிவேதிதா அதைத் தேடி எடுத்துக் குடுக்க, அம்ருத பஜார் பத்திரிகா அந்தப் பகுதியையும் அவரோட பட்டமளிப்பு உரையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் போட்டுச்சு. அந்த வருஷமே வங்கப் பிரிவினை, சுதேசி இயக்கம். ஒரு கான்வொகேஷன் பேச்சாலதான் அதெல்லாம் வந்துச்சுன்னு சொல்ல வரல, ஆனா எரியற வீட்டுல அது எண்ணெய்தான்.

அதே கல்கத்தா மேடையில 1932 பிப்ரவரி 6-ஆம் தேதி, பி.ஏ. பட்டம் வாங்க வந்த பீனா தாஸ்ங்கற பொண்ணு, பேசிக்கிட்டு இருந்த கவர்னர் ஸ்டான்லி ஜாக்ஸனைத் துப்பாக்கியால சுட்டாங்க. குண்டு அவர் மேல படல. அவங்களுக்கு ஒன்பது வருஷம் கடுங்காவல். கையில பட்டம் வாங்க வேண்டிய நேரத்துல துப்பாக்கி எடுக்க, இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தாங்கன்னா ஆட்சியோட முகம் அவங்க முன்னாடி வந்து நிக்கற ஒரே இடம் அதுதான். அப்புறம் 1937-ல தாகூர் அதே கல்கத்தாவுல பட்டமளிப்பு உரையை வங்காளத்துலயே பேசுனாரு, அங்க அதுக்கு முன்னாடி அப்படி யாரும் செஞ்சதில்ல. எண்பது வருஷம் ஆச்சு, மேடையில ஊர் மொழி ஏறறதுக்கு.

சுதந்திரம் வந்துச்சு, அரசியல் சட்டம் வந்துச்சு, மாநிலம் பிரிஞ்சுச்சு, ஆனா ஆளுநர்தான் வேந்தர்ங்கறதை மட்டும் யாரும் தொடல. தமிழ்நாட்டுல ஒவ்வொரு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியா சட்டம் இருக்கு, அதுல பெரும்பாலும் ஆளுநர் தன் பதவி காரணமா வேந்தர்னு ஒரு வரி இருக்கும், உயர்கல்வி அமைச்சர் இணைவேந்தர்னு இன்னொரு வரி. மாநிலத்துலயும் ஒன்றியத்துலயும் ஒரே கட்சியோ ஒத்துப்போற கட்சியோ இருந்தவரைக்கும் இது வெறும் சம்பிரதாயமாத்தான் ஓடுச்சு. ஆளுநர் வருவாரு, திறந்து வச்சதா அறிவிப்பாரு, பட்டம் குடுப்பாரு, தேசியகீதம், முடிஞ்சுது. ரெண்டு பக்கமும் முட்டிக்கிட்டா அந்த ரெண்டு வரியும் ஒரே மேடையில மோதும். 2010-ல ஒன்றிய-மாநில உறவை ஆராய்ஞ்ச பூஞ்சி கமிஷன் இதைத்தான் சொல்லுச்சு, ஆளுநருக்கு வேந்தர் பதவி மாதிரி வேலையெல்லாம் குடுக்காதீங்க, தேவையில்லாத சர்ச்சைதான் வரும்னு. கேட்டது யாரு?

2022 ஜூலையில மதுரை காமராஜர் பல்கலைக்கழக விழாவை பொன்முடி புறக்கணிச்சது வெளியில இருந்து பாக்கறவங்களுக்கு அற்பமா தெரியும். ஒன்றிய இணையமைச்சர் எல்.முருகனை கௌரவ விருந்தினரா கூப்பிட்டிருந்தாங்க, வேந்தருக்கு அடுத்தது இணைவேந்தர்தானே, நடுவுல கௌரவ விருந்தினர்னு ஒரு புது ஆளு எங்கேர்ந்து வந்தாருங்கறதுதான் பொன்முடியோட கேள்வி. அழைப்பிதழ்ல பேரு வர்ற வரிசை, மேடையில நாற்காலி வரிசை, பேசற வரிசை, இது மூணும் நெறிமுறை. கல்யாணப் பத்திரிகையில தாய்மாமன் பேரு கீழ போயிட்டா என்ன ஆகும்னு தெரிஞ்ச நம்ம ஆளுங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அதே மதுரையில 2023 நவம்பர்ல வந்தது வேற ரகம். சுதந்திரப் போராட்ட வீரர், மார்க்சிஸ்ட் கட்சியோட மூத்த தலைவர் என்.சங்கரய்யாவுக்கு கௌரவ டாக்டர் பட்டம் குடுக்கணும்னு பல்கலைக்கழகத்துல தீர்மானம் போட்டு அனுப்புனாங்க, ஆளுநர் கையெழுத்துப் போடல. நவம்பர் 2 விழாவை அமைச்சர் புறக்கணிச்சாரு. இதுல மனசை அறுக்கற விஷயம் என்னன்னா, சங்கரய்யா மதுரை அமெரிக்கன் கல்லூரியில படிச்சவரு, 1941-ல பி.ஏ. கடைசிப் பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னாடி போலீஸ் பிடிச்சுக்கிட்டுப் போனதால பரீட்சையே எழுதல. வெள்ளைக்காரன் காலத்துல கைநழுவிப் போன பட்டம் அவரோட நூறு வயசுக்கு மேலயும் வரல, அந்த நவம்பர் 15-ஆம் தேதி இறந்துட்டாரு. கௌரவப் பட்டம்ங்கறதை இங்க தேவையே இல்லாம வாரி வழங்கியிருக்காங்கன்னு எனக்கு எப்பவும் ஒரு எரிச்சல் உண்டு, அதே 2023-ல ஏதோ ஒரு தனியார் அமைப்பு அண்ணா பல்கலைக்கழக வளாகத்து அரங்கத்துலயே விழா வச்சு சினிமாக்காரங்க, பிரபலங்கன்னு பல பேருக்குப் போலி டாக்டர் பட்டம் குடுத்து போலீஸ் கேஸ் ஆச்சு, அந்தக் கூத்தையெல்லாம் பாத்த அதே வருஷத்துல ஒரு உண்மையான ஆளுக்கு இது நடந்துச்சு.

இந்த இழுபறியில நேரடியா அடி வாங்குறது மாணவங்க. ஆளுநர் தேதி குடுக்கணும், அதுக்கு அப்புறம்தான் விழா. 2023 ஜூன்ல பொன்முடி சொன்ன குற்றச்சாட்டு, விழா தள்ளிப் போறதால ஒன்பது லட்சத்துக்கும் மேல மாணவங்க பட்டச் சான்றிதழ் கைக்கு வராம காத்திருக்காங்கன்னு. இது எப்படின்னு கேட்டா, காலேஜ்ல படிச்ச பையன் பாஸ் ஆனதும் ப்ரொவிஷனல் சர்டிபிகேட், கன்சாலிடேட்டட் மார்க் ஷீட் வாங்கிடுவான், உள்ளூர் வேலைக்கு அதுவே ஓடும். ஒரிஜினல் டிகிரி சர்டிபிகேட் மட்டும் பட்டமளிப்பு விழா நடந்த பிறகுதான் வரும். மேடைக்கு ஏறறது பி.எச்டி ஆளுங்களும் ரேங்க் ஹோல்டர்களும்தான், மிச்ச எல்லாருக்கும் "நேரில் வராமலே" பட்டம், அதாவது மேடையில ஒரு அறிவிப்பு, அதோட லட்சக்கணக்கான பேர் பட்டதாரி. அந்த ஒரு அறிவிப்பு தள்ளிப் போனா வெளிநாட்டு அட்மிஷன், விசா, சர்டிபிகேட் அட்டெஸ்டேஷன்னு எல்லாமே நிக்கும்.

அப்ப காலேஜ்ல நடக்கற கிராஜுவேஷன் டே என்ன? இங்கதான் 1857-ஓட மிச்சம் இன்னும் உயிரோட இருக்கு. பட்டம் யுனிவர்சிட்டியோடது, படிச்சது காலேஜ்ல, அதனால ரெண்டு விழா. 1978-ல லயோலா, தாம்பரம் கிறிஸ்டியன் காலேஜ் மாதிரி சில கல்லூரிகளுக்கு தன்னாட்சி வந்தது, பாடத்திட்டம், பரீட்சை எல்லாம் அவங்களே, ஆனா பட்டம் மட்டும் அப்பவும் பல்கலைக்கழகம்தான். யுனிவர்சிட்டியில இருந்து துணைவேந்தர் கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட் கட்டா வந்து சேரும், காலேஜ் அதை விழா வச்சுக் குடுக்கும். அண்ணா பல்கலைக்கழகத்துக்குக் கீழ மட்டும் நானூறுக்கு மேல இன்ஜினியரிங் காலேஜ், ஒவ்வொண்ணுலயும் ஒரு விழான்னு கணக்கு போட்டுப் பாருங்க.

உண்மையான கொண்டாட்டம் இங்கதான். படிச்சு முடிச்சு ஒரு வருஷம் ஆகியிருக்கும், பெங்களூர்ல இருந்து லீவு போட்டு நைட் பஸ் ஏறி வந்திருப்பாங்க. காலையில எட்டு மணிக்கு ரிப்போர்ட் பண்ணச் சொல்லி, கவுனும் ஹூட்டும் டெபாசிட் கட்டி வாங்கி, ஹூட்டை முன்னாடி போடணுமா பின்னாடி போடணுமான்னு ஒருத்தரை ஒருத்தர் கேட்டு, ஏப்ரல் வெயில்ல அந்தக் கறுப்புத் துணிக்குள்ள வேர்த்து வழிஞ்சு நிப்பாங்க. (2010-ல அப்போ ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சரா இருந்த ஜெய்ராம் ரமேஷ் போபால்ல ஒரு பட்டமளிப்பு மேடையிலயே இது காலனிக் காலத்து காட்டுமிராண்டித்தனம்னு சொல்லி அங்கியைக் கழட்டிப் போட்டாரு, பல்கலைக்கழக மானியக் குழுவும் (யு.ஜி.சி.) பின்னாடி கைத்தறித் துணியில பண்ணுங்கன்னு கடுதாசி போட்டுச்சு, ஆனா வாடகைக் கவுன் கடைக்காரங்க தொழில் நல்லாத்தான் போகுது.) தலைக்கு ரெண்டு பேர்தான் கூட வரலாம்னு சர்குலர் வந்திருக்கும், ஆனா ஆயா, சித்தி, தம்பின்னு அஞ்சு பேர் வந்து வாட்ச்மேன்கிட்ட பேசிக்கிட்டு இருப்பாங்க. மேடையில கைக்கு வர்றது சில சமயம் வெறும் ஃபைல்தான், சர்டிபிகேட்டை அப்புறம் ஆபீஸ்ல நோ டியூ காட்டி வாங்கிக்கணும். எல்லாரும் பட்டம் வாங்குற அந்த ரெண்டு செகண்டுக்கு ஒரு போட்டோ, அதுக்கு ஸ்டுடியோகாரர் தனியா காசு.

2010-ல இருந்து குடும்பத்துல முதல் பட்டதாரின்னா தொழிற்படிப்புக் கட்டணத்துல சலுகைன்னு தமிழ்நாடு அரசு திட்டம் இருக்கு, அந்தச் சான்றிதழுக்காக வி.ஏ.ஓ. ஆபீஸ்ல நின்ன அப்பாதான் இப்ப ஹால்ல பின்வரிசையில உக்காந்து மேடையில தன் பிள்ளை பேரை யாரோ தப்பா உச்சரிக்கறதைக் கேட்டுக் கைதட்டறாரு. மைக்ல "தனித்தனியா கைதட்டாதீங்க, கடைசியில சேர்த்துத் தட்டிக்கலாம்"னு சொல்லுவாங்க. யாரு கேக்கறா.

இப்ப பேச்சாளர் கதைக்கு வரேன். காலேஜ் விழாவுல ஆளுநரும் இல்ல, அமைச்சரும் இல்ல, சுதந்திரமா யாரை வேணா கூப்பிடலாம், ஆனா வர்ற ஆளுங்க பட்டியலைப் பாத்தா நாலஞ்சு வகைக்குள்ள அடங்கிடும். ரிட்டயர்டு நீதிபதி, ஐ.ஏ.எஸ். ஐ.பி.எஸ். அதிகாரி, இஸ்ரோ விஞ்ஞானி, ஏதாவது ஒரு துணைவேந்தர், அப்புறம் இன்ஜினியரிங் காலேஜ்னா கட்டாயம் ஐ.டி. கம்பெனி எச்.ஆர். தலைவர். சினிமா நடிகரை கல்ச்சுரல்ஸுக்குக் கூப்பிடுவாங்க, பட்டிமன்றப் பேச்சாளரை ஆண்டு விழாவுக்கு, கிராஜுவேஷன் டேக்கு மட்டும் பதவி உள்ள ஆளு. எச்.ஆர். வந்தா அடுத்த வருஷம் கேம்பஸுக்கு அந்தக் கம்பெனி வரும்ங்கற நம்பிக்கை, அதிகாரி வந்தா பேப்பர்ல போட்டோ. அதாவது பேச்சாளர் பசங்களுக்காக வரலை, காலேஜுக்காக வர்றாரு, பசங்களுக்கும் அது தெரியும். அவரோட பயோடேட்டாவை ஒருத்தர் பத்து நிமிஷம் வாசிப்பாரு, பொன்னாடை, நினைவுப்பரிசு, அதுக்கப்புறம் பேச்சு. அப்துல் கலாம் இல்லாம அந்தப் பேச்சு கிடையாது, கற்க கசடறவும் கிடையாம இருக்காது, பெத்தவங்களைக் கைவிடாதீங்கன்னு முடியும். கேக்கறவங்களுக்கு ஏற்கனவே ஒரு வருஷ வேலை அனுபவம், ப்ராஜெக்ட் கிடைக்காம பென்ச்ல உக்காந்து பயந்தவங்க, சம்பளம் பத்தலைன்னு கம்பெனி மாறுனவங்க. அவங்ககிட்டப் போய் "நீங்கள் இப்போது உலகத்துக்குள் அடியெடுத்து வைக்கிறீர்கள்"னா கீழ வாட்ஸ்அப்தான் ஓடும்.

அமெரிக்காவுல பட்டமளிப்பு மேடை வேற மாதிரி வளர்ந்துச்சு. அங்க வேந்தர் நாற்காலி பிரச்சனை இல்ல, பேச்சுதான் விழாவோட நடு. 1947 ஜூன் 5 ஹார்வர்டுல அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் மார்ஷல் பேசுன ஒரு சின்னப் பேச்சுலதான் போருக்கு அப்புறம் ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்துன மார்ஷல் திட்டம் வெளிய வந்துச்சு. 1963 ஜூன்ல அமெரிக்கன் யுனிவர்சிட்டியில கென்னடி சோவியத்தோட சமாதானம் பத்திப் பேசுனாரு, ரெண்டே மாசத்துல அணுகுண்டு சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. 2005-ல ஸ்டான்ஃபோர்டுல ஸ்டீவ் ஜாப்ஸ் பேசுனதை நம்ம காலேஜ் சிறப்பு விருந்தினருங்க இன்னமும் மேற்கோள் காட்டிக்கிட்டு இருக்காங்க. அதுக்குன்னு அங்க எல்லாம் சுத்தமா நடக்குதுன்னு நினைச்சுக்காதீங்க, 2015-ல ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துல பேசறதுக்கு நடிகர் மேத்யூ மெக்கானஹேக்கு 1,35,000 டாலர் குடுத்தாங்க, 2014-ல ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துல முன்னாள் வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸ் பேச வர்றாங்கன்னதும் இராக் போரை வச்சு மாணவங்களும் ஆசிரியர்களும் எதிர்க்க, அவங்களே வரலைன்னு விலகிட்டாங்க. ஆனா கவனிங்க, சண்டை என்ன பேசப் போறாங்க, இதுவரைக்கும் என்ன செஞ்சாங்கங்கறதைப் பத்தி. முக்கியமான இன்னொண்ணு, அங்க மாணவர் ஒருத்தரும் பேசுவாரு. 1969-ல வெல்லெஸ்லி காலேஜ்ல முதல் தடவையா மாணவர் பேச்சு வேணும்னு கேட்டு வாங்கி, ஹிலாரி ராடம்ங்கற பொண்ணு, பின்னாடி ஹிலாரி கிளிண்டன் ஆனவங்க, ஏறி, தனக்கு முன்னாடி பேசுன செனட்டர் எட்வர்ட் புரூக்குக்கு மேடையிலயே பதில் சொன்னாங்க.

நம்ம மேடையில மாணவருக்கு அந்த அஞ்சு நிமிஷம் கிடையாது. உறுதிமொழி சேர்ந்து சொல்லலாம், பேர் கூப்பிட்டா போய் வாங்கலாம். அதனால எதிர்ப்பு சொல்லணும்னா அந்த வாங்குற ரெண்டு செகண்டை வச்சுத்தான் சொல்லியாகணும். 2014-ல கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்துல ஒரு மாணவி ஆளுநர் கையால பட்டம் வேண்டாம்னாங்க. 2019 டிசம்பர்ல புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்துல குடியரசுத் தலைவர் வந்தப்போ தங்கப் பதக்கம் வாங்க வந்த ஒரு மாணவியை அரங்கத்துக்கு வெளியிலயே நிறுத்தி வச்சாங்க, அவங்க உள்ள போனதும் பதக்கத்தை மட்டும் மறுத்துட்டு சர்டிபிகேட்டை வாங்கிக்கிட்டாங்க. மறுநாளே ஜாதவ்பூர்ல ஒரு மாணவி மேடையில குடியுரிமைத் திருத்தச் சட்ட நகலைக் கிழிச்சாங்க, வேந்தரான ஆளுநர் ஜகதீப் தன்கர் கேட்லயே மறிக்கப்பட்டு திரும்பிப் போனாரு, விழா அவர் இல்லாமலே நடந்துச்சு. 2025 ஆகஸ்ட்ல திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துல பி.எச்டி வாங்க வந்த ஒருத்தர், வரிசையில ஆளுநர் ரவியைத் தாண்டிப் போய் துணைவேந்தர் கையில பட்டத்தை வாங்கினாங்க. அவங்க கணவர் தி.மு.க. நிர்வாகி, அதனால இது நாடகம்னு பா.ஜ.க. பக்கம் சொன்னாங்க. இருக்கட்டுமே, நாடகம் போடறதுக்கும் அந்த மேடையில வேற வசனம் எழுதியிருக்கா என்ன.

ஆளுநரை எடுத்துட்டு முதலமைச்சரை வேந்தராக்குனா சரியாயிடும்னு ஒரு வாதம் இருக்கு. தமிழ்நாட்டுல ஒரு பல்கலைக்கழகத்துல ஏற்கனவே அப்படித்தான், 2013-ல ஜெயலலிதா கொண்டுவந்த இசை மற்றும் கவின் கலைப் பல்கலைக்கழகம், அங்க முதலமைச்சர்தான் வேந்தர். 2023 நவம்பர்ல ஸ்டாலின் வேந்தரா வந்து பி.சுசீலாவுக்கு கௌரவ டாக்டர் பட்டம் குடுத்தாரு, இந்த ஏற்பாட்டுக்காக ஜெயலலிதாவையும் பாராட்டுனாரு, மேடையில ஒரு முறைப்பும் இல்ல. துணைவேந்தர் நியமனம் மாதிரி பெரிய விஷயங்களுக்கு இது முக்கியம்தான், உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன வழக்கு சும்மா இல்ல. ஆனா பட்டம் வாங்குறவங்க கீழ இருந்து பாக்கறப்போ நாற்காலியில ஆளு மாறியிருக்காரு, விழா அதேதான்.

ரேங்க் ஹோல்டர் ஒருத்தருக்காவது மைக் குடுக்கலாமேன்னு காலேஜ் வட்டாரத்துல பேச்சு எடுத்தா முதல்ல வர்ற பதில், அந்தப் பையன் என்ன பேசுவான்னு யாருக்குத் தெரியும்ங்கறதுதான். அந்த பயம் பொய்னு சொல்ல மாட்டேன். மைக் குடுக்கற ஊர்லயே 2024-ல தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகம் பாதுகாப்புக் காரணம்னு சொல்லி முதல் மாணவியோட பேச்சை ரத்து பண்ணி, அதுல கிளம்புன கலாட்டாவுல பிரதான விழாவையே ரத்து பண்ணுச்சு. 2025 மே மாசம் நியூயார்க் பல்கலைக்கழகத்தோட கலட்டின் கல்லூரி விழாவுல மாணவப் பேச்சாளர் ஒருத்தர் முன்கூட்டியே ஒப்புதல் வாங்குன பேச்சை விட்டுட்டு காஸா பத்திப் பேச, கூட்டத்துல பெரிய கைதட்டு, பல்கலைக்கழகம் அவரோட பட்டச் சான்றிதழை நிறுத்தி வச்சுது. நம்ம ஊர்ல அந்தச் சிக்கலே கிடையாது, முதல்ல பேச விட்டாத்தானே.